நான் நிக்கிறன்

ஒரு மனுசி சும்மா நின்றே ஊரில் பேரெடுத்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? சண்டை இல்லை, சத்தம் இல்லை, மண் அள்ளித் தூற்றியதும் இல்லை. "நீங்கள் ஆறுதலா யோசியுங்கோ. நான் நிக்கிறன்" என்பார். சொன்னபடி நிற்பார். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி என்ன வேலை செய்தாலும் அவர் உங்கள் கண்ணோரத்தில் நின்றுகொண்டே இருப்பார். தலைமை வாத்தியார், கப்பல் மாமா, என் அம்மா, நான் எல்லோரும் அந்த நிற்பில் அகப்பட்டு முழி பிதுங்கியவர்கள்தான்.

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதப்போவதில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர் அவர். நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லி, 'நீ' போட்டுக் கூப்பிட்டு வளர்ந்தவள். அவருடைய தாயையும் அப்படித்தான் கூப்பிட்டேன். எங்களுடையது யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், புளியங்கூடலில் வயலும் புகையிலைத் தோட்டமும் பனங்காணியும் வைத்திருந்த குடும்பம். அவருடையது பனையில் ஏறிக் கள்ளுச் சீவும் குடும்பம். அந்தக் காலத்தில் இதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நாங்கள் கூப்பிட்ட விதம் இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயரை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இங்கே அக்கா என்று எழுதுகிறேன். இருபத்தைந்து வயது வரைக்கும் என் வாயில் வராத சொல் அது.

நிற்கப் பழகியது எங்கள் கிணற்றடியில்தான். தீவுப்பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பது சும்மா விஷயமல்ல. அவர்கள் குடியிருந்த பக்கம் எங்கே தோண்டினாலும் உவர். எங்கள் கிணறு இளநீர்மாதிரி. காலையில் ஐந்தாறு பெண்கள் குடத்தோடு வந்து வேலியோரம் நிற்பார்கள். வாளிக் கயிற்றை அவர்கள் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் யாராவது அள்ளி, அவர்கள் குடத்தில் படாமல் மேலே இருந்து ஊற்றவேண்டும். அதற்கு எங்களுக்கு நேரம் வரவேண்டும், மனமும் வரவேண்டும்.

மற்றப் பெண்கள் கெஞ்சுவார்கள். "நாச்சியார், கைப்பிள்ளையை விட்டிட்டு வந்தனான், ஒரு குடம் ஊத்திவிடுங்கோ" என்பார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும். உடனே போகாவிட்டாலும், "பொறுங்கோடி, வாறன்" என்று குரலாவது கொடுப்பார். அக்கா கெஞ்சமாட்டார். நாச்சியார் என்றும் சொல்லமாட்டார். "அக்கா, உங்கடை வேலையை முடியுங்கோ. நான் நிக்கிறன்" என்பார். என் அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவதே அம்மாவுக்கு அரைப் பங்கு கொதி. மிச்சத்தை அந்த நிற்பு ஏற்றிவிடும். குசினி யன்னலுக்கு நேரே, குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டாமல், முகத்தைச் சுளிக்காமல் நிற்பார்.

"அவள் ரெண்டு வார்த்தை ஏசினாலும் பரவாயில்லை. இப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டால் மனிசர் எப்பிடிச் சமைக்கிறது?" என்று அம்மா புறுபுறுப்பார். இரண்டு முறை கறி அடிப்பிடித்தது. மூன்றாம் முறை அடிப்பிடிக்க முன்னரே அம்மா அகப்பையைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினார். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த வேலியில் ஒரு சிரட்டை எப்போதும் செருகியிருக்கும். கண்ணில்லாத பாதி, தேங்காய் திருவி எடுத்த வெறும் சிரட்டை. வந்து நிற்பவர்களுக்குத் தண்ணீர் விடாய்த்தால் அதை எடுத்து நீட்டவேண்டும், நாங்கள் ஊற்றுவோம். எங்கள் செம்போ பேணியோ அவர்கள் கையில் போகாது. அம்மா கெட்டவரல்லர், அதையும் சொல்லவேண்டும். பசி என்று வந்தவரை அவர் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. பழஞ்சோற்றுத் தண்ணீரும் மோரும் தாராளமாக ஊற்றுவார், சிரட்டையில்.

அக்கா அந்தச் சிரட்டையைத் தொட்டு நான் கண்டதில்லை. சித்திரை வெயிலில் உதடு வெடித்துப்போய் நிற்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் கேட்டேன்.

"உனக்குத் தண்ணி விடாய்க்கேல்லையோ?"

"விடாய்க்குது."

"அப்ப அந்தச் சிரட்டையை எடன்."

"அது தேங்காயின்ரை, பிள்ளை. எனக்கு வீட்டிலை பேணி கிடக்கு."

நான் அதைப் பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிப்போய் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் மட்டும் அவர் நிற்கமாட்டார். பஸ்ஸில் அவர்களுடைய ஆட்கள் நிற்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். கதிரை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா நேரே போய், தோளில் சால்வை போட்ட யாராவது பெரிய மனுசருக்குப் பக்கத்தில் இருப்பார். அவர் எரிந்து விழுந்தால், "ஏன் ஐயா, நான் நிண்டால் பஸ் கெதியாப் போகுமோ?" என்று கேட்பார். எத்தனையோ பெரிய மனுசர்கள் புளியங்கூடலிலிருந்து பண்ணைப் பாலம் வரைக்கும் நின்றுகொண்டே யாழ்ப்பாணம் போயிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடக் கதை ஊரறிந்தது. அவர் மகளை முதலாம் வகுப்பில் சேர்த்தபோது நான் அதே பள்ளியில் மேல் வகுப்பில் இருந்தேன். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். வாங்குப் பலகையில் இருத்தவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சுவரோரத்து நிலம்தான். முதல் நாள் பின்னேரம் மகள் பாவாடை முழுக்கத் தூசியோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலை மணி அடிக்கும்போது அக்கா வகுப்பு வாசலில் நின்றார்.

"என்ன வேணும்?" என்று தலைமை வாத்தியார் கேட்டார்.

"ஒண்டுமில்லை ஐயா. பிள்ளைக்கு வாங்கிலை இடம் கிடைக்குமட்டும் நான் நிக்கிறன்."

"வாங்கெல்லாம் நிறைஞ்சு போச்சு."

"ஓம், தெரியுது. நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ."

மூன்று நாள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். அங்கால் போகிற நாங்களும் ஏதாவது சாட்டுச் சொல்லி எட்டிப் பார்த்தோம். நாலாம் நாள் கல்விக் கந்தோரிலிருந்து பள்ளியைப் பார்வையிட ஆள் வரவிருந்தது. தலைமை வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து, "இருத்தித் துலையுங்கோ அந்தப் பிள்ளையை!" என்று கத்தினார். மகளை வாங்கில் இருத்தினார்கள். அக்கா போவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அசையவில்லை. "மற்ற அஞ்சு பிள்ளையளும் நிலத்திலை இருக்கினம் ஐயா" என்றார். அந்த ஐந்து பேருக்காக இன்னும் அரை நாள் நின்றார்.

இடையில் சொல்லிவிடுகிறேன், நான் அவரைக் கடைசியாகக் கண்டது எண்பதுகளின் தொடக்கத்தில், நயினாதீவுக்குப் போகும் வள்ளத்தில். அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம். மகள் நாரந்தனைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாள் என்றார். "கதிரை குடுத்தவையோ?" என்று பகிடியாகக் கேட்டேன். "முதல் நாள் போய் நிண்டு பாத்தனான். குடுத்திருக்கினம்" என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

இனிக் கப்பல் மாமாவின் கதைக்கு வரவேண்டும். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். வெளிநாட்டுப் பயணிகள் கப்பல் ஒன்றில் கிளாக்கராக இருந்து உலகமெல்லாம் சுற்றியவர். எழுபதுகளின் நடுவில், கையில் ஒரு படப் புத்தகத்தோடு ஊருக்கு வந்து நிரந்தரமாகத் தங்கினார். பசுபிக் கடலில் ஹவாய்த் தீவில் தான் பார்த்த ஓர் இடத்தின் படங்கள் அதில் இருந்தன. பொலினீசியத் தீவுகளின் சனங்கள் தங்கள் குடிசை, வள்ளம், ஆட்டம், சாப்பாடு எல்லாவற்றையும் வெளியூராருக்குக் காட்டுவதற்காகவே அங்கே ஒரு கிராமத்தைக் கட்டி வைத்திருந்தார்களாம். பூமாலை போட்ட பெண்கள், தீப்பந்தம் சுற்றும் ஆண்கள், மணலில் விருந்து, கையில் தேங்காய்ச் சிரட்டையோடு சிரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள்.

"எடி பிள்ளை, அவன்ரையும் தீவு, எங்கடையும் தீவு. அவனிட்டைத் தென்னை, எங்களிட்டைப் பனை. அவன் காட்டினால் நாங்கள் ஏன் காட்டக்கூடாது?" என்று கேட்டார் மாமா. யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரரை வாடகை வான் ஒன்றில் ஏற்றி வந்து எங்கள் கடற்கரையில் 'தீவு விருந்து' வைப்பது அவருடைய திட்டம். கரையூர் ஆட்கள் வலை இழுத்துக் காட்டுவார்கள், பறை அடிப்பவர்கள் அடிப்பார்கள், சீவல்காரர் பனையில் ஏறிக் காட்டுவார்கள், எல்லாம் முடிய ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுவது. கம்பஸ் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்து வீட்டில் குந்திக்கொண்டிருந்த எனக்கு, இங்கிலீசில் அறிவிக்கும் பொறுப்பு. நான் துள்ளிக்கொண்டு ஓம் என்றேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

கூழ் என்றால் அக்காதான். ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கயர்ப்பு நீக்குவதில் அவருக்கு மிஞ்சிய கை அந்தப் பக்கத்தில் இல்லை. மாமா படப் புத்தகத்தோடு போய் அவருடைய வேலிக்கு வெளியே நின்று விளக்கினார். நானும் கூடப் போனேன். அக்கா ஒரு படத்தை வெகு நேரம் பார்த்தார். தலையில் பூ வைத்த ஓர் இளம்பெண், குனிந்து யாருக்கோ எதையோ ஊற்றிக்கொண்டிருக்கும் படம்.

"இந்தப் பிள்ளை ஆர்?"

"அங்கத்தை ஆட்டக்காரி."

"பேரென்ன?"

"பேரோ? எனக்கென்னண்டு தெரியும்? நூறு பேர் ஆடினவை."

"ஆட்டம் முடிய அவை எங்கை போறவை?"

"நான் கப்பலுக்குத் திரும்பியிட்டன். என்ன விசர்க்கேள்வி கேக்கிறாய்?"

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு பேருக்கு ஊத்துறாள். அவள் என்னத்திலை குடிக்கிறவள் எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டார். மாமா புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வியின் அர்த்தம் பிடிபடவில்லை. சத்தியமாகப் பிடிபடவில்லை.

சமைக்கச் சம்மதித்தார். ஒரேயொரு பேச்சு: கூழ் பிளாவில்தான் ஊற்றப்படும். பிளா என்றால் பனையோலையை மடித்துக் கட்டிய குடிக்கும் ஏனம். கள்ளுக்கும் அதுதான், கூழுக்கும் அதுதான், யார் வீட்டிலும் அதுதான். "என்ரை மனிசன் கோலித் தருவார்" என்றார். மாமா தலையாட்டினார். புருசன் இரண்டு நாள் இருந்து நாற்பது பிளாக் கோலினார்.

விருந்து நாள் வெயில் சாய வெள்ளைக்காரர்கள் இருபது பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மணலில் பாய். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேருக்குக் கதிரை. பெரியவர்கள் அக்கா சமைத்த கூழைக் குடிக்கமாட்டார்கள்தானே? அவர்களுக்கு வேறு பானை, வேறு அடுப்பு, என் அம்மாவின் சமையல். குடிக்க எங்கள் அலுமாரியிலிருந்து பித்தளை மூக்குப்பேணிகள், பக்கத்தில் குழல் வைத்தவை. வலை இழுத்தவர்களும் பறை அடித்தவர்களும் பனையில் ஏறியவர்களும் தங்கள் வேலை முடிய ஒரு கிடுகு மறைப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள். எல்லோரும் போனபின் அவர்களுக்கு மிச்சம் கொடுப்பதாக ஏற்பாடு.

மாமா எழுதித் தந்ததை நான் வாசித்தேன். 'எங்கள் தீவுகளில் விருந்தாளியை வரவேற்கும் புராதன அடையாளம் இந்தச் சிரட்டைக் கிண்ணம். முன்னோர்களிடமிருந்து எமக்குக் கிடைத்தது.' வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். மாமா ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே மினுமினு என்று அரத்தாள் போட்டுத் தேய்த்த சிரட்டைகள். படப் புத்தகத்தில் இருந்ததுபோலவே வேண்டும் என்று களவாகச் செய்து வைத்திருந்திருக்கிறார். ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

அக்கா அகப்பையைப் பானைக்குக் குறுக்கே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிளா எங்கை?"

"பிளா வேண்டாம். இது வடிவு. ஊத்து."

"சிரட்டையிலை நான் ஒருத்தருக்கும் ஊத்தமாட்டன்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் சிரிப்போடு கிட்டப் போனார். "வெள்ளைக்காரனே சந்தோசமாப் பிடிச்சுக்கொண்டிருக்கிறான். உனக்கென்னடி வந்தது?"

"அப்ப கதிரையிலை இருக்கிற ஐயாமாருக்கும் சிரட்டையைக் குடுங்கோ. அவையும் அதிலை குடிச்சால் நான் இவைக்கு ஊத்துறன்."

அந்தப் பத்துப் பேரில் ஒருவரின் கையில் சிரட்டையைக் கொடுத்துப் பாருங்கள், ஏழு தலைமுறைக்குக் கொலைப் பகை. மாமாவுக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். அக்கா மூக்குப்பேணிகளைப் பார்த்து, "அதிலை கூழைக் குடிச்சு நண்டுக்கால் மூக்கிலை அடைச்சால் என்னைக் கேக்கப்படாது" என்றார். மறைப்புக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இனி என்ரை பனையிலை உன்ரை மனிசன் கால் வைக்க ஏலாது. விளங்குதோ?" என்றார் மாமா, இப்போது சிரிப்பில்லாமல்.

அது வெறும் மிரட்டல் அல்ல. அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே மாமாவின் பனைகளால்தான். அக்கா முதல் தடவையாக மறைப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய புருசன் செருமிக்கொண்டு, "பிளா நாப்பதும் இஞ்சைதான் கிடக்கு" என்றார்.

அக்கா மாமாவிடம் திரும்பினார். "ஆறுதலா யோசியுங்கோ. நான் நிக்கிறன்."

ஒடியல் கூழ் ஆறினால் இறுகும். இறுகினால் களிதான். அடுப்பு அணையத் தொடங்கியது. இருபது வெள்ளைக்காரர்கள் இருபது வெறும் சிரட்டையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த நரைத்த தலைமயிர்ப் பெண் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்டார். நான் சட்டென்று சொன்னேன், கூழ் ஊற்ற முன் அவர் கடல் தெய்வத்தை வணங்குகிறார் என்று. எவ்வளவு வடிவான பொய்! இருபது பேரும் உடனே பக்தியோடு தலையைக் குனிந்தார்கள்.

"பிள்ளை, ஏன் இவை தலையைக் குனியினம்? என்ன சொன்னனீர்?" என்று அக்கா கேட்டார்.

"நீ கடலைக் கும்பிடுறாய் எண்டு சொன்னனான்."

"எனக்கு நீந்தவே தெரியாது. நான் ஏன் அதைக் கும்பிடுறன்? உள்ளதைச் சொல்லும்."

"உள்ளதை எப்பிடிச் சொல்லுறது? ஏலாது."

"ஏலுமெண்டால் சொல்லும். நான் நிக்கிறன்."

மாமாவை மடக்கிய நிற்பு இப்போது என்னை மடக்கியது. என் கையில் அவர் எழுதித் தந்த கடுதாசி. முன்னோர்களிடமிருந்து கிடைத்த சிரட்டை. அது பொய்யுமில்லையே என்று அப்போதுதான் பட்டது, முன்னோர்களிடமிருந்துதான் கிடைத்தது. நான் நாலு வருடம் கம்பஸில் இங்கிலீசு படித்தவள், அந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல் தேடித் தடவினேன். இவருடைய ஆட்களுக்கு எங்களுடைய வீடுகளில் தண்ணீர் கொடுப்பது சிரட்டையில், எங்கள் பாத்திரங்களை அவர்கள் தொடக்கூடாது என்பதற்காக. அதில் உங்களுக்கு ஊற்ற இவருக்கு மனமில்லை. இவர் கும்பிடவில்லை, மறுக்கிறார். இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

நரைத்த பெண் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "உங்கள் வீட்டிலுமா?" என்று கேட்டார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். "ஓம்" என்றேன், தமிழிலேயே. அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் தன் பானைக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தே என்ன சொன்னேன் என்று பிடித்துவிட்டார். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லிக் காட்டியதில்லை.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிரட்டையை மணலில் வைத்தார்கள். ஒரு தாடிக்காரர் மட்டும், பாவம், ஒன்றும் விளங்காமல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். கதிரைப் பெரியவர்களில் ஒருவர் எழும்பி, "வயிறு சரியில்லை" என்றார். உடனே இன்னும் ஏழு பேருக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. புருசன் பிளாக்கட்டோடு மறைப்புக்கு வெளியே வந்தார். அக்கா பானையைக் கிண்டிப் பார்த்துவிட்டு மறைப்புப் பக்கம் திரும்பி, "எல்லாரும் வாங்கோ, கூழ் இறுகுது. சமைச்ச சாமான் உங்கடைதானே?" என்று கூப்பிட்டார். மீன் கொண்டுவந்தவர்களும் பறை அடித்தவர்களும் தயங்கித் தயங்கி வந்து பாயின் ஓரத்தில் குந்தினார்கள். எல்லோருக்கும் ஒரே பிளா. நானும் குடித்தேன். கூழ் கொஞ்சம் களிப்பதமாகத்தான் இருந்தது.

பானை கழுவும்போது அக்கா தனக்குத்தானே சொன்னதுபோல் சொன்னார்: "அந்தப் படத்திலை நிண்ட பிள்ளைக்கும் ஒரு பேர் இருந்திருக்கும். கொண்ணர் கேக்கேல்லை."

"எனக்கு அண்ணரில்லை, மாமா" என்று திருத்தினேன்.

"ஆராயிருந்தாலும் கேக்கேல்லை."

மாமா சொன்னதைச் செய்தார். அடுத்த கிழமையே அவருடைய பனைகளில் வேறு ஆள் ஏறினான். அக்காவின் புருசன் ஒவ்வொரு விடியலும் சரவணைக்கு நடந்துபோய், ஆள் தெரியாத காணிகளில் சீவினார். அந்தப் பருவம் முழுக்க அவர்கள் அரை வயிறுதான். மாமா அதற்குப் பிறகும் இரண்டு மூன்று விருந்து வைத்தார். சமைக்க வேறு யாரையோ பிடித்தார், அறிவிக்கவும் வேறு யாரையோ பிடித்தார். ஆனால் சிரட்டையை வெளியே எடுக்கவில்லை, பிளாதான். அந்த அளவுக்கு அவருக்கு ரோசம் இருந்தது, அல்லது பயம் இருந்தது.

விருந்துக்கு மறுநாள் காலை. நேற்று ஒன்றும் நடக்காததுபோல் அக்கா மற்றப் பெண்களோடு குடத்தைக் கொண்டுவந்து கிணற்றடியில் நின்றார். அம்மா என்னோடு பேசவில்லை, குசினிக்குள் சட்டிபானைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளாதவள். நேற்றுக் கதிரைக்காரருக்கு வைத்த மூக்குப்பேணி ஒன்றைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசலால் போனேன். வாளியில் அள்ளி நிறைத்து, வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"அக்கா, தண்ணி."

அவர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இண்டைக்கோ நான் அக்காவானனான்?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவ வாறதுக்குள்ளை கெதியாக் குடியுங்கோ."

கை நீட்டவில்லை. "களவாக் குடிக்கிறதுக்கோ நேற்று அவ்வளவு நேரம் நிண்டனான்? கொண்டுபோய் வையும் பிள்ளை. உம்மடை அம்மா தரட்டும். நான் நிக்கிறன்."

நான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். "நிக்கட்டும்" என்றார் அம்மா. அதோடு சரி. இடியப்பம் பிழிந்தார், முற்றம் கூட்டினார், கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினார். வெயில் ஏறியது. மற்றப் பெண்களும் போகவில்லை. குடங்களை நிலத்தில் வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. பேணியோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நானும் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் குசினி யன்னலை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். எவ்வளவு சின்ன யன்னல்.

மத்தியானம் ஆகும்போது குசினிக்குள்ளிருந்து அடிப்பிடித்த மணம் வந்தது. அம்மா வெளியே வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேணியைப் பறித்து, தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டு, வாளியைக் கிணற்றில் விட்டு, புதிதாக அள்ளி, பேணியை நிறைத்தார். வேலியோரம் வந்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே கையை நீட்டினார்.

"இந்தா, பிடி."

அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பேணியைத் திருப்பி வாங்க அம்மா கையை நீட்டியபடி இருந்தார்.

அக்கா பேணியைப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்தார்.

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் பெண் வெறும் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வாளிக் கயிற்றைப் பிடித்தார்.